எலியின் இழையமும் எமது கடனும்

"எலிகளிற் சோதித்து உறுதி செய்யப்பட்டது" என்னும் சொற்றொடர் இக்காலத்திலே மந்திரம்போல வழங்கிவருகின்றது. பத்திரிகையிலே புதிய மருந்தொன்றைப் பற்றிய செய்தி வந்தால் அச்சொற்றொடர் அதன் ஈற்றிலே நிற்கும். உறவினர் கைத்தொலைபேசியில் அனுப்பும் மூலிகைக் குறிப்பிலும் அதுவே காணப்படும். இதனைக் கேட்போர் இருவகையினர். ஒரு சாரார், எலியில் நிகழ்ந்தது மனிதனிலும் நிகழ்ந்தே தீரும் என நம்பிவிடுகின்றனர். மற்றொரு சாரார், "எலி எங்கே, மனிதன் எங்கே" என்று நகைத்துத் தள்ளிவிடுகின்றனர். இருசாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எனது கருத்து. நுணுக்குக்காட்டியின் கீழே உண்மையில் எது காணப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை இளைஞருக்கு ஊட்டுவது எமது கல்லூரி போன்ற கலைக்கூடங்களின் கடமையாகும். சுரப்பி, சுவாசப்பை ஆகிய இரண்டு உறுப்புக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இம்மலரிலே கூற விழைகின்றேன்.

இக்கல்லூரியின் உயர்தர வகுப்பிலே நான் விலங்கியல் கற்ற காலத்தில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று இதற்கு முன்னுரையாக அமையும். எலியின் சுவாசப்பை வெட்டுமுகம் ஒன்றை நுணுக்குக்காட்டியிற் பார்த்து வரையுமாறு ஆசிரியர் பணித்தார். நானோ கண்ணை வில்லையில் வைத்ததுபோலப் பாவனை செய்து, பாடநூலில் இருந்த படத்தை மனத்திற் கொண்டு அழகாக வரைந்து கொடுத்தேன். என் படத்திலே சிற்றறைகள் யாவும் முந்திரிகைக் குலைபோல வட்டமாகவும் ஒழுங்காகவும் அமைந்திருந்தன. ஆசிரியர் படத்தைப் பார்த்தார். பின்னர் வழுக்கியைப் பார்த்தார். "தம்பி, இது எலியின் சுவாசப்பையா, புத்தகத்தின் சுவாசப்பையா?" என்று கேட்டார். வழுக்கியிலே சிற்றறைகள் பல சுருங்கிக் கிடந்தன. ஓரிடத்தில் வெட்டு மடிந்திருந்தது. ஒரு குருதிக்குழாயிலே செங்குழியங்கள் நிறைந்து நின்றன. இவற்றுள் ஒன்றேனும் என் படத்தில் இல்லை. "இந்த எலி உனக்காகத்தான் செத்தது, நீ அதைப் பார்க்கக்கூட இல்லை" என்று அவர் கூறிய சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

பார்த்தல் என்பது எளிய காரியமன்று. உயிருள்ள எலியின் சுவாசப்பை காற்றினால் நிறைந்து விரிந்திருப்பது. மார்பறையைத் திறந்த கணமே அது சுருங்கிவிடும். ஆதலின் தேர்ந்த ஆய்வாளர் வாதனாளியின் வழியே பதப்படுத்தும் திரவத்தை, பெரும்பாலும் 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீரின் அமுக்கத்திற்குச் சமமான அமுக்கத்திற் செலுத்தி, சுவாசப்பையை விரிந்த நிலையிலேயே நிலைபெறச் செய்வர். பின்னர் அதிலுள்ள நீரை அகற்றி, மெழுகிற் பொதித்து, மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு தடிப்புள்ள சீவல்களாகச் சீவிச் சாயமூட்டுவர். இப்படிகளுள் ஒன்று பிழைத்தாலும் நோயற்ற சுவாசப்பை நோயுற்றதுபோலத் தோன்றும். அமுக்கம் மிகுந்தாற் சுவர்கள் கிழிந்து வீக்கநோய்போலக் காட்டும். குறைந்தால் அறைகள் ஒடுங்கி அழற்சிபோலக் காட்டும். வழுக்கியில் உள்ளது விலங்கின் உண்மையோ கைவினையின் பிழையோ என்பதைப் பிரித்தறிவதே முதற் கல்வி.

கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். சிற்றறையின் உட்புறத்தை மேலணிக் கலங்கள் முற்றாகப் போர்த்துள்ளனவா, அன்றி மயிர்க்குழாய்கள் காற்றுக்கு வெறுமையாகத் திறந்துள்ளனவா என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. இருபக்கத்தாரும் ஒரே வகை வழுக்கிகளையே பார்த்தனர். வேறு வேறு முடிபு கூறினர். காரணம் யாதெனில், ஒளி நுணுக்குக்காட்டி மில்லிமீற்றரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கிலும் சிறியவற்றைப் பிரித்துக் காட்டமாட்டாது. அங்குள்ள மேலணியோ பல இடங்களில் அதனினும் மெல்லியது. 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க உடலமைப்பியலாளரான பிராங் லோ என்பவர் எலி முதலியவற்றின் சுவாசப்பைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, இடைவெளியற்ற மெல்லிய மேலணி ஒன்று உண்டு என்பதைக் காட்டினார். மனிதனின் சுவாசப்பையிலும் அவ்வாறே இருக்கக் கண்டார். நெடுநாள் வாதத்தை முடித்தது நாவன்மையன்று, கூரிய கண்ணே.

இனி, எலியிற் கண்டது மனிதனுக்குப் பயன்பட்ட வரலாறொன்றைக் கூறுவேன். 1950களில் ரீற்றா லெவி மொன்ரல்சினி என்ற அம்மையாரும் ஸ்ரான்லி கோகன் என்ற உயிரிரசாயனவியலாளரும் நரம்புகளை வளரச்செய்யும் பொருளொன்றை ஆராய்ந்தனர். அப்பொருள் ஆண் சுண்டெலியின் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகுதியாக உண்டெனத் தெரியவந்தது. அச்சுரப்பியின் சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது கோகன் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். வழக்கமாக 12 முதல் 14 நாட்களில் திறக்கும் கண்ணிமைகள் ஏழு நாள் அளவிலேயே திறந்துகொண்டன. பற்களும் முந்தி முளைத்தன. நரம்புக்கும் இமைக்கும் யாது தொடர்பு என்று அதனை அவர் ஒதுக்கிவிடவில்லை. இமையின் தோலைச் சீவிப் பார்த்தபோது மேற்றோல் தடித்து விரைந்து முதிர்ந்திருக்கக் கண்டார். இதற்குக் காரணமான புரதத்தை 1962 ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்து வெளியிட்டார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. 1986 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நுணுக்கமான பாடம் ஒன்று உண்டு. ஆண் சுண்டெலியின் அச்சுரப்பியிலே மணிகள் செறிந்த வளைந்த குழாய்கள் பெருகிக் காணப்படும். பெண்ணில் அவை சிறியன. மனிதனின் கீழ்த்தாடைச் சுரப்பியிலோ அத்தகைய குழாய்கள் இல்லை. சுரப்பியின் அமைப்பு வேறுபட்டும் அதிலிருந்து பெற்ற அறிவு மனிதனுக்குப் பொருந்தியது. ஏனெனில் அக்காரணியும் அதனை ஏற்கும் வாங்கியும் மனிதக் கலங்களிலும் உள்ளன. அந்த வாங்கி சில சுவாசப்பைப் புற்றுநோய்களிலே கட்டுப்பாடிழந்து தொழிற்படுகின்றது. அதனைத் தடுக்கும் ஜெபிற்றினிப் என்னும் மருந்து 2003 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அம்மருந்து சில நோயாளருக்கு மட்டும் பெரும்பயன் தருவது ஏன் என்பதும், வாங்கியின் பரம்பரையலகில் நேர்ந்த திரிபே அதற்குக் காரணம் என்பதும் 2004 ஆம் ஆண்டிற் புலப்பட்டன. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிற் தொடங்கிய பாதை மனிதனின் சுவாசப்பையில் வந்து முடிந்தது. "எலி எங்கே, மனிதன் எங்கே" என்று நகைப்போருக்கு இது விடையாகும்.

நம்பிவிடுவோருக்கும் ஒரு விடை வேண்டுமன்றோ? சிஸ்ரிக் பைபுறோசிஸ் என்பது பெற்றோர் வழியாக வரும் கொடிய நோய். அந்நோயாளரின் சுவாசக் குழாய்களிலே சீதம் தடித்துத் தேங்கும், கிருமிகள் குடியேறும், சதையியின் கான்களும் அடைபடும். நோய்க்குக் காரணமான பரம்பரையலகு 1989 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. 1992 ஆம் ஆண்டில், அப்பரம்பரையலகு தொழிற்படாத சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. மனிதனின் சுவாசப்பை நோய் இனிச் சுண்டெலியிலே காணப்படும், மருந்தும் அதிலே சோதிக்கப்படும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் அச்சுண்டெலிகளுட் பல குடலடைப்பினால் இளமையிலேயே இறந்தன. மனிதனைக் கொல்லும் அச்சுவாசப்பை நோய் அவற்றிற் தோன்றவில்லை.

ஏன் என்பதற்கு விடையின் ஒரு பகுதி எளிய வழுக்கியிலேயே இருந்தது. மனிதனின் வாதனாளியிலும் கசியிழையமுள்ள சுவாசக் குழாய்களிலும் சீதச் சுரப்பிகள் நிறைந்துள்ளன. சுண்டெலியிலோ அவை வாதனாளியின் மேற்பகுதியோடு நின்றுவிடுகின்றன. அன்றியும் சுண்டெலியின் சுவாசக் குழாய் மேலணியிலே குளோரைட்டை வெளியேற்ற வேறு வழியும் உண்டு. மனிதனிலும் பன்றியிலும் குழாயின் மேற்பரப்புத் திரவத்தை அமிலமாக்கும் ஒரு புரதம் சுண்டெலியில் இல்லாமையும் அது தப்புவதற்குக் காரணமென 2016 ஆம் ஆண்டிற் காட்டப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் அதே குறையுடைய பன்றிகள் உருவாக்கப்பட்டபோது, அவற்றிலே மனிதனையொத்த சுவாசப்பை நோய் தோன்றலாயிற்று. சுரப்பிகளின் பரம்பலை முன்னரே எண்ணிப் பார்த்திருந்தால் அத்துணை பெரிய எதிர்பார்ப்பு எழுந்திருக்கமாட்டாது. சுண்டெலி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கத்தகாத கேள்வியை மனிதரே கேட்டனர்.

மற்றுமோர் இடையூறும் உண்டு. சோதனைக்குட்பட்ட விலங்கைச் சோதனைக்குட்படாத விலங்கோடு ஒப்பிடுவதே ஆய்வின் அடிப்படை. அவ்வொப்பீட்டு விலங்கே நோயுற்றிருந்தால் யாது செய்வது? முற்காலத்து ஆய்வுகூட எலிகளுட் பல மைக்கொபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரினால் நாட்பட்ட சுவாசப்பை நோயுற்றிருந்தன. வேறொரு நோய் எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் அழற்சியுறச் செய்தது. அது 1961 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. அதனை விளைப்பது எலிகளுக்குரிய ஒரு கொரோனா வைரசு எனப் பின்னர் அறியப்பட்டது. இத்தகைய எலிகளின் சுரப்பியையும் சுவாசப்பையையும் பார்த்துப் புகையினாலும் தூசினாலும் மருந்தினாலும் நேர்ந்த கேடு என்று எழுதிவிடுவது எளிது. நோயற்ற எலிக் குடிகளை வளர்க்கும் முறை பரவிய பின்னரே இக்குழப்பம் தணிந்தது. ஆதலின் எலியைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, சோதிக்கப்பட்ட எலி எவ்வாறிருந்தது என்பதோடு சோதிக்கப்படாத எலி எவ்வாறிருந்தது என்பதையும் கேட்டல் வேண்டும்.

இவையெல்லாம் தூரதேசத்து ஆய்வுகூடங்களின் கதையன்றோ, எமக்கு யாது என்று எவரேனும் கேட்பின், எமது நாட்டு வயல்களையும் தேயிலைத் தோட்டங்களையும் சுட்டிக் காட்டுவேன். பரக்குவாட் என்னும் களைகொல்லி 1960களின் தொடக்கத்திலே உலகச் சந்தைக்கு வந்தது. இலங்கையிலும் அது பல்லாண்டு வழங்கியது. அதனை அருந்தியோர் சில நாட்கள் நலமுற்றவர்போலத் தோன்றிப் பின்னர் மூச்சுத் திணறி இறப்பதை எமது மருத்துவமனைகள் கண்ணீரோடு கண்டன. வயிற்றினுட் சென்ற நஞ்சு சுவாசப்பையை ஏன் தேடிச் செல்கின்றது?

இதற்கு விடை எலியின் சுவாசப்பையிலே கிடைத்தது. 1974 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர் எலியின் சுவாசப்பைச் சீவல்களைப் பரக்குவாட் கரைசலில் இட்டபோது, அவ்விழையம் சக்தியைச் செலவிட்டு அந்நஞ்சைத் தன்னுள்ளே திரட்டுவதைக் கண்டனர். கலங்கள் தமக்கு வேண்டிய பொலியமீன் என்னும் பொருள்களை உள்ளெடுக்க வைத்திருக்கும் வாயிலின் வழியே, அவற்றை ஒத்த உருவமுடைய பரக்குவாட்டும் நுழைகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. டைக்குவாட் என்னும் அதன் இனப்பொருள் அவ்வாறு திரள்வதில்லை. நுணுக்குக்காட்டியின் கீழே இரண்டு கட்டங்கள் காணப்பட்டன. முதலிற் சிற்றறையின் மேலணிக் கலங்கள் வீங்கி அழிகின்றன. அடுத்து நாரிழையம் பெருகிக் காற்றறைகளை அடைத்துவிடுகின்றது. மனிதனின் பிரேத பரிசோதனையிற் கண்டதும் இதுவே. நஞ்சு கலத்தினுட் புகுந்தபின் அதனை மீட்க வழியில்லை என்பதையும், உறுதியான மாற்றுமருந்து இன்றுவரை கிடையாமையின் காரணத்தையும் அவ்வெலிகள் விளக்கின.

இலங்கை 2008 ஆம் ஆண்டுக்கும் 2011 ஆம் ஆண்டுக்கும் இடையிலே பரக்குவாட்டையும் வேறிரு நஞ்சுகளையும் படிப்படியாகத் தடைசெய்தது. அதன்பின் நஞ்சருந்தி இறப்போரின் வீதம் குறைந்தது. உள்ளவாறு சொல்வதாயின், அத்தடைக்கு நேர்க்காரணம் எலியின் வழுக்கியன்று. எமது மருத்துவமனைகளிலே இறந்தோரை எண்ணிக் கணக்கிட்ட மருத்துவரின் உழைப்பே. எனினும், சிகிச்சையைச் சீராக்கினால் போதும், நஞ்சை நீக்கவேண்டியதில்லை என்னும் வாதத்துக்கு இடமில்லாமற் செய்ததில் அவ்வழுக்கிக்கும் பங்குண்டு என்பது என் துணிபு. வயலில் நிற்கும் உழவனின் உயிரும் ஆய்வுகூட எலியின் சுவாசப்பையும் ஒன்றோடொன்று தொடர்புற்ற இடம் இது.

இவ்விடத்திலே சைவப் பாரம்பரியத்தில் வளர்ந்த எம்மனோர் ஒரு கேள்விக்கு மறுமொழி கூறாது செல்லலாகாது. கொல்லாமையைப் பேரறமாகப் போற்றும் நாம், எலியைக் கொன்று பெறும் அறிவைப் புகழலாமா? இவ்வினாவை அறியாமையென ஒதுக்குவோர் பலர். நான் ஒதுக்கமாட்டேன். இவ்வறிவின் பயனைத் துய்த்துக்கொண்டே அதன் விலையை மறப்பது போலியான அறம். மருந்தை உண்டுகொண்டு அம்மருந்து வந்த வழியைப் பார்க்க மறுத்தல் நேர்மையாகாது. அதேவேளையில், அறிவியலின் பெயராற் கொலை எத்துணையும் செய்யலாம் என்பதும் தகாது. 1959 ஆம் ஆண்டில் ரசல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்கின்றி இயலுமாயின் விலங்கைத் தவிர்க்க, தவிர்க்க இயலாவிடின் தொகையைக் குறைக்க, குறைத்த பின்னும் துன்பத்தைத் தணிக்க. அவற்றோடு நான்காவதொன்றை என் ஆசிரியரின் சொல்லிலிருந்து சேர்ப்பேன்: கொன்றதை உள்ளவாறு காண்க. பிழையாகப் பதப்படுத்தி, பிழையாக எண்ணி, பிழையாக எழுதப்படும் ஆய்விலே இறந்த ஒவ்வோர் எலியும் வீணே இறந்தது. கவனக்குறைவு இங்கே வெறுங் குற்றமன்று, அது பாவம்.

எண்ணுதலைப் பற்றியும் ஒரு சொல். சீவலிலே பெரிய கலம் கத்தியில் அகப்படும் வாய்ப்பு அதிகம். சிறிய கலத்துக்கு அது குறைவு. எனவே சீவலில் தோன்றுவதை அப்படியே எண்ணினாற் கணக்குப் பிழைக்கும். மனிதனின் சுவாசப்பைகளிற் சிற்றறைகள் ஏறத்தாழ 30 கோடி என்பது 1962 ஆம் ஆண்டின் கணக்கு. உருவத்தைப் பற்றிய ஊகங்களை நீக்கிய புதிய முறையினால் 2004 ஆம் ஆண்டில் எண்ணியபோது சராசரி 48 கோடி என வந்தது. சுவாசப்பை வளரவில்லை, எண்ணும் முறையே வளர்ந்தது. அன்றியும், எவ்வழுக்கி எவ்விலங்கினுடையது என்பதை எண்ணுபவர் அறியாதிருத்தல் நலம். ஏனெனில் மனம் விரும்புவதைக் கண் காணும். இன்று கணினி வழுக்கியைப் படமெடுத்துக் கலங்களைத் தானே எண்ணுகின்றது. ஆயினும் மடிந்த சீவலையும் மோசமாகப் பதப்படுத்திய இழையத்தையும் அதனிடம் கொடுத்தால், அவற்றையும் அது விரைவாக எண்ணித் தரும். பார்க்கத் தெரிந்த ஒருவர் அதன் பின்னால் நிற்றல் வேண்டும்.

அத்தகையோரை ஆக்குவதற்கு எமது கல்லூரி செய்யத்தக்கவை சில உள. பாடசாலையிலே புதிதாக எலிகளைக் கொல்லவேண்டிய தேவை இல்லை. நன்கு செய்த வழுக்கிப் பெட்டி ஒன்று பேணி வைத்தாற் பல தலைமுறை மாணவருக்கு உதவும். பழைய மாணவராகிய நாம் கட்டடத்துக்குக் கொடுக்கும் பொருளில் ஒரு சிறு பகுதியை நுணுக்குக்காட்டிகளுக்கும் அவற்றைப் பழுதுபார்ப்பதற்கும் ஒதுக்குவோமாக. கட்டடத்திலே பெயர் பொறிக்கலாம். வில்லையிற் பொறிக்க இடமில்லை என்பது உண்மையே. மாணவர் நூற்படத்தைப் பார்த்து வரைவதற்குப் புள்ளி வழங்காது, வழுக்கியிற் கண்டதை, மடிப்பும் கிழிவும் உட்பட, வரைவதற்குப் புள்ளி வழங்குக. எலியைப் பற்றிய செய்தி ஒன்று வருந்தோறும் வகுப்பிலே நான்கு கேள்விகள் எழுப்பப்படுக: எவ்விலங்கு, அதன் உறுப்பு எமதுறுப்பை எவ்வளவு ஒத்தது? இழையம் எவ்வாறு பதப்படுத்தப்பட்டது? ஒப்பீட்டு விலங்கு எந்நிலையில் இருந்தது? யார், எவ்வாறு எண்ணினர்? இந்நான்கையும் கேட்கப் பழகியவன் மருத்துவனாயினும் கமக்காரனாயினும் வணிகனாயினும் எளிதில் ஏமாறான்.

அன்று என் ஆசிரியர் என் படத்தைக் கிழித்துவிடவில்லை. அதன் அருகே வெறுந்தாள் ஒன்றை வைத்து, "இப்போது பார்த்து வரை" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது படம் அழகாக அமையவில்லை. அறைகள் கோணலாகவும் வெட்டு மடிந்தும் இருந்தன. அவர் கையெழுத்திட்டது அதற்கே. ஜூபிலி காணும் கல்லூரி அன்னை தன் புதல்வருக்கு அளித்த செல்வங்களுள் அவ்வெறுந்தாளை நான் பெரிதாகக் கருதுகின்றேன். அத்தகைய வெறுந்தாளை இனிவரும் பிள்ளைகள் முன்னும் வைப்பதே அவளுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.